விலை இறங்கினாலும் நஷ்டம்!
கடன் வாங்கி விற்கும் கிரிப்டோ வியாபாரமும் அதன் வட்டிக் கணக்கும்

புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் தூரத்தில் சித்தன்னவாசல் இருக்கிறது. மலைமேல் ஒரு குகை. அதில் வழவழப்பாகச் செதுக்கிய 17 கல் படுக்கைகள். 2,000 ஆண்டுகளுக்கு முன்பே சமணத் துறவிகள் அங்கே தங்கினார்கள். அவர்களுக்குச் சொத்து இல்லை. ஆகவே கடனும் இல்லை, வட்டியும் இல்லை.

இன்று அந்த மலைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். குடவரைக் கோயிலின் தாமரைக் குள ஓவியத்தைப் பார்க்கிறார்கள். பலர் கையில் செல்போன் இருக்கிறது. அந்தச் செல்போனில் அடிக்கடி ஒரு விளம்பரம் தலை நீட்டுகிறது.

"கிரிப்டோ விலை ஏறினாலும் லாபம்! இறங்கினாலும் லாபம்!"

விலை ஏறினால் லாபம் என்பது எல்லோருக்கும் புரியும். குறைந்த விலைக்கு வாங்கி, கூடுதல் விலைக்கு விற்கலாம். ஆனால் விலை இறங்கினால் எப்படி லாபம் வரும்?

வரும். அதற்கு ஒரு வழி உண்டு. அந்த வழியில் இரண்டு பேர் கூடவே நடந்து வருகிறார்கள். ஒருவர் பெயர் வட்டி. மற்றவர் பெயர் கட்டணம். விளம்பரம் இவர்கள் இருவரையும் பற்றிப் பேசுவதில்லை.

அவர்களைத் தெரிந்துகொள்ளாமல் இறங்கியவர்கள், விலை இறங்கிய பிறகும் நஷ்டப்பட்டு நிற்கலாம்.

கைக்கு அகப்படாத காசு

புதுக்கோட்டைச் சீமைக்கு ஒரு காலத்தில் சொந்தக் காசு இருந்தது. அதன் பெயர் அம்மன் காசு. சின்னஞ்சிறு செப்புக் காசு. ஒரு பக்கம் பிரகதாம்பாள் உருவம். மறு பக்கம் "விஜய" என்ற சொல். நவராத்திரியின்போது அரிசியோடு அந்தக் காசையும் மக்களுக்கு வழங்குவார்கள். 1948-ம் ஆண்டு மார்ச் மாதம் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தது.

அம்மன் காசை மடியில் முடிந்துகொள்ளலாம். அதற்குப் பின்னால் ஓர் அரசு இருந்தது.

கிரிப்டோ நாணயம் அப்படி அல்ல. அதைத் தொட முடியாது. அது கம்ப்யூட்டர்களில் எழுதப்படும் கணக்கு. இவற்றில் முதலாவது பிட்காயின். 2009-ம் ஆண்டு ஜனவரி மாதம் தொடங்கியது. சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் ஒருவரோ பலரோ அதை உருவாக்கினார்கள். எந்த அரசும் அதை வெளியிடவில்லை. மொத்தம் 2 கோடியே 10 லட்சம் பிட்காயினுக்கு மேல் வராது என்பது அதன் விதி.

அதன் விலை ஊஞ்சல் போல ஆடும். 2021-ம் ஆண்டு நவம்பரில் ஒரு பிட்காயின் சுமார் 69,000 டாலர். ஓர் ஆண்டு கழித்து, 2022 நவம்பரில், 16,000 டாலருக்கும் கீழே வந்தது. 2024 டிசம்பரில் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது.

இப்படி ஆடும் பொருள் என்றால், "இறங்கும்போதும் சம்பாதிக்கலாமே" என்ற ஆசை சிலருக்கு வரத்தான் செய்யும்.

மாமன் கொடுத்த நெல்

அது எப்படி நடக்கிறது? நெல்லை வைத்துப் பார்த்தால் எளிதில் விளங்கும்.

சித்தன்னவாசல் அடிவாரத்தில் ஒரு மாமனும் மருமகனும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கார்த்திகை மாதம். புது நெல் இன்னும் வரவில்லை. பழைய நெல் மூட்டை 2,000 ரூபாய் விற்கிறது. தை அறுவடை வந்தால் விலை இறங்கும் என்று மருமகன் நினைக்கிறான். ஆனால் அவனிடம் நெல் இல்லை. மாமனிடம் போகிறான்.

"மாமா, பத்து மூட்டை நெல் கடனாக் கொடுங்க. தை கழிஞ்சதும் திருப்பிக் கொடுத்திடுறேன்."

"கொடுக்கிறேன் மாப்பிள்ளை. ஆனா நெல்லாத்தான் வாங்கிக்குவேன். பணம் வேண்டாம். பத்துக்குப் பதினொண்ணு. சம்மதமா?"

மருமகன் சம்மதித்தான். பத்து மூட்டையையும் அன்றே விற்றான். கையில் 20,000 ரூபாய்.

தை பிறந்தது. விலை 1,500 ஆனது. மருமகன் 11 மூட்டை வாங்கினான். செலவு 16,500 ரூபாய். மாமன் கடன் தீர்ந்தது. மருமகனுக்கு மிச்சம் 3,500 ரூபாய். இதில் வண்டிச் சத்தம், எடைக்கூலி, தரகு எல்லாம் போக வேண்டும்.

மழை பொய்த்திருந்தால்? கண்மாய் வறண்டு, மூட்டை 2,600 ரூபாய்க்கு ஏறியிருந்தால்? அப்போதும் மாமனுக்கு 11 மூட்டை கொடுத்தே ஆக வேண்டும். செலவு 28,600 ரூபாய். மருமகன் வாங்கியது 20,000. நஷ்டம் 8,600!

இதுதான் "ஷார்ட்" வியாபாரம். தன்னிடம் இல்லாததைக் கடன் வாங்கி விற்பது. பிறகு வாங்கித் திருப்பிக் கொடுப்பது. நெல்லுக்குப் பதில் கிரிப்டோ நாணயம். மாமனுக்குப் பதில் ஒரு கம்பெனி.

ஒரு வித்தியாசம் உண்டு. மாமன் உறவை நம்பிக் கொடுத்தார். கம்பெனி அப்படிக் கொடுக்காது. முன்கூட்டியே ஒரு தொகையை ஈடாக வாங்கி வைத்துக்கொள்ளும். இந்த ஈட்டுப் பணத்துக்குத்தான் "மார்ஜின்" என்று பெயர்.

நானூறு ஆண்டுப் பழக்கம்

இது புதிய தந்திரம் அல்ல. 1609-ம் ஆண்டிலேயே ஆம்ஸ்டர்டாம் நகரில் ஐசக் லெ மேர் என்ற வியாபாரி இப்படிச் செய்தார். அவரும் அவருடைய கூட்டாளிகளும், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பங்குகளைக் கையில் இல்லாமலே விற்றார்கள். கம்பெனி முறையிட்டது. 1610-ம் ஆண்டு ஹாலந்து அரசு அதற்குத் தடை போட்டது.

இந்தியாவில் பம்பாய்ப் பங்குச் சந்தையில் "பட்லா" என்ற முறை இருந்தது. கணக்கு முடிக்க வேண்டிய நாளில் முடிக்காமல், அடுத்த தவணைக்குத் தள்ளிப் போடுவது. அதற்கு ஒரு கட்டணம். சாதாரணமாக, வாங்கியவர் கட்டணம் கொடுப்பார். பங்கு கிடைக்காமல் விற்றவர்கள் திண்டாடும்போது, விற்றவரே கட்டணம் கொடுக்க வேண்டும். அதை "உந்தா பட்லா" என்பார்கள். 2001-ம் ஆண்டு ஜூலை மாதம் பட்லா முறை நிறுத்தப்பட்டது.

ஆனால் அதே முறை வேறு உடை உடுத்திக்கொண்டு கிரிப்டோ சந்தையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

சாவா மூவா நாணயம்

முதலில் கடனைப் பார்ப்போம். இந்தக் கடனில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று: கடன் ரூபாய்க் கணக்கில் இல்லை, நாணயக் கணக்கில் இருக்கிறது. வட்டியும் பெரும்பாலும் நாணயமாகவே சேரும். ஒரு நாணயம் வாங்கியவர், வட்டியோடு ஒன்றே கால் நாணயம் கொடுக்க வேண்டியிருந்தால், அன்றைய விலை என்னவோ அந்த விலையில் வாங்கித்தான் கொடுக்க வேண்டும். விலை ஏறினால் அசலும் கனக்கும்; வட்டியும் கனக்கும்.

பக்கத்து மாவட்டமான தஞ்சாவூரில், பெரிய கோயில் கல்வெட்டுகளில் இதற்கு ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. ராஜராஜ சோழன் காலத்தில், ஒரு திருவிளக்குக்கு 96 ஆடுகளை இடையரிடம் ஒப்படைப்பார்கள். அவர் தினமும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு செத்தாலும், கிழடானாலும், கணக்கில் 96 ஆடு 96 ஆடுதான். அதனால் அவற்றுக்குச் "சாவா மூவாப் பேராடு" என்று பெயர்.

கடன் வாங்கிய கிரிப்டோ நாணயமும் அப்படித்தான். அது சாவதில்லை, மூப்பதில்லை. திருப்பிக் கொடுக்கும்வரை தினமும் நெய் அளந்துகொண்டே இருக்க வேண்டும்.

இரண்டு: வட்டி மாதத்துக்கு ஒரு முறை வருவதில்லை. சில இடங்களில் மணிக்கு ஒரு முறை. சில இடங்களில் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை. சந்தைக்கு ஞாயிறு இல்லை, பொங்கல் இல்லை, தீபாவளி இல்லை. வட்டிக்கும் லீவு இல்லை.

ஒரு பைசாவின் கதை

விளம்பரத்தில், "வட்டி 0.01 சதவீதம்தான்" என்று இருக்கும். 100 ரூபாய்க்கு ஒரு பைசா! யார்தான் பயப்படுவார்கள்?

ஆனால் கேள்வியை அடுத்த வார்த்தையில் கேட்க வேண்டும். எவ்வளவு நேரத்துக்கு ஒரு பைசா?

நான்கு மணி நேரத்துக்கு ஒரு பைசா என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு ஆறு பைசா. 30 நாளைக்கு 1 ரூபாய் 80 பைசா. ஆண்டுக்கு 21 ரூபாய் 90 பைசா. அதாவது ஊர்க் கணக்கில் கிட்டத்தட்ட "இரண்டு பைசா வட்டி". அதையே இரண்டு பைசாவாக ஆக்கினால், ஆண்டுக்கு 43 ரூபாய் 80 பைசா.

ராஜராஜ சோழன் கல்வெட்டுகளில், காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை என்று வரும். பொலிசை என்றால் வட்டி. அரைக்கால் என்றால் எட்டில் ஒரு பங்கு. நூற்றுக்கு 12 ரூபாய் 50 பைசா.

மணிக்கு மணி ஏறும் வட்டி தமிழ்நாட்டுக்குப் புதிது அல்ல. அநியாய வட்டியைத் தடுக்க 2003-ம் ஆண்டு தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்தது. கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றோடு மணி வட்டியையும் அது பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. அந்தச் சட்டம் வேறு. கிரிப்டோ கடன் வேறு. ஆனால் கடிகாரத்தைப் பார்த்து ஏறும் வட்டி எவ்வளவு வேகமாக ஓடும் என்பது நம் கடைத்தெருவுக்குத் தெரிந்த பாடம்தான்.

இன்னொன்று. இந்த வட்டி நிலையானது அல்ல. கடன் கேட்பவர்கள் கூடினால் வட்டி ஏறும். ஒரு நாணயத்தின் விலை விழும் என்று எல்லோரும் நினைக்கும் நேரத்தில்தான், எல்லோரும் அதைக் கடன் கேட்பார்கள். ஆகவே, ஆசை அதிகமாகும் அதே நாளில் வட்டியும் அதிகமாகும்.

விலை இறங்கியும் நஷ்டம்

இனி ஒரு முழுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் எல்லாம் உதாரணத்துக்காக எடுத்துக்கொண்டவை.

ஒருவர் 50,000 ரூபாய் ஈடு வைக்கிறார். ஒரு நாணயம் கடன் வாங்குகிறார். அன்றைய விலை ஒரு லட்சம் ரூபாய். உடனே விற்கிறார். தரகு நூற்றுக்கு 20 பைசா. அதாவது 200 ரூபாய். தரகின்மேல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம், 36 ரூபாய். ஆக 236 ரூபாய்.

60 நாள் கழிகிறது. அவர் நினைத்தது பலித்தது. விலை 95,000 ரூபாய்க்கு இறங்கிவிட்டது. "5,000 ரூபாய் லாபம்!" என்று மனசு குதிக்கிறது.

கொஞ்சம் பொறுங்கள்.

நான்கு மணி நேரத்துக்கு ஒரு பைசா வீதம், 60 நாள் வட்டி நூற்றுக்கு 3 ரூபாய் 60 பைசா. கடன் இப்போது ஒரு நாணயம் அல்ல, 1.036 நாணயம். அதை 95,000 ரூபாய் விலையில் வாங்க 98,420 ரூபாய் ஆகிறது. வாங்கும் தரகும் ஜி.எஸ்.டி.யும் 232 ரூபாய்.

ஒரு லட்சத்தில் இவை எல்லாம் போனால், மிச்சம் 1,112 ரூபாய். 5,000 ரூபாய் கனவு 1,112 ரூபாய் நனவாகச் சுருங்கிவிட்டது.

அடுத்து வருமான வரி. 2022-ம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியிலிருந்து, இந்தியாவில் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீதம் வரி. அதன்மேல் 4 சதவீதம் செஸ். இரண்டும் சேர்ந்தால் நூற்றுக்கு 31 ரூபாய் 20 பைசா. லாபத்தைக் கணக்கிடும்போது, வாங்கிய விலையை மட்டுமே கழிக்கலாம். வேறு செலவு எதையும் கழிக்கச் சட்டம் இடம் தரவில்லை.

வட்டியையும் தரகையும் கழிக்காமல் பார்த்தால், லாபம் 5,000 ரூபாய். வரி 1,560 ரூபாய்.

கையில் இருப்பதோ 1,112 ரூபாய்! ஆக, 448 ரூபாய் கைநஷ்டம்.

அவர் நினைத்தபடியே விலை இறங்கியது. ஆனாலும் நஷ்டம். தோற்றது அவருடைய ஊகம் அல்ல. அவர் போடாத கணக்கு.

இதோடு 2022 ஜூலை முதல் தேதியிலிருந்து இன்னொரு விதியும் உண்டு. விதித்த வரம்புக்கு மேல் போனால், விற்கும் தொகையில் ஒரு சதவீதத்தை வரியாக முன்கூட்டியே பிடித்துக்கொள்வார்கள். பிறகு வரிக் கணக்கில் அதைச் சரிசெய்துகொள்ளலாம். ஆனால் அதுவரை அந்தப் பணம் முடங்கும். ஒரு பேரத்தில் வந்த நஷ்டத்தை இன்னொரு பேரத்தின் லாபத்தில் கழிக்கவும் முடியாது; அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது.

விலை ஏறினால்?

விலை ஏறினால் கதை வேகமாக முடிந்துவிடும்.

அதே ஆள், அதே 50,000 ரூபாய். 30 நாளில் கடன் 1.018 நாணயம் ஆகிறது. விலை 1,41,000 ரூபாய்க்கு ஏறுகிறது. கடனை அடைக்க 1,43,538 ரூபாய் வேண்டும். விற்ற பணமும் ஈட்டுப் பணமும் சேர்த்து அவர் கணக்கில் இருப்பது 1,49,764 ரூபாய். வித்தியாசம் 6,226 ரூபாய்தான்.

கம்பெனி ஒரு எல்லை வைத்திருக்கும். கடன் மதிப்பில் நூற்றுக்கு 5 ரூபாயாவது மிச்சம் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இங்கே அது 7,177 ரூபாய். மிச்சம் அதற்கும் கீழே போய்விட்டது. உடனே கம்பெனி தானாகவே நாணயத்தை வாங்கிக் கடனை முடித்துவிடும். யாரையும் கேட்காது. இரவு இரண்டு மணியாக இருந்தாலும் சரி, தூங்குகிறவரை எழுப்பாது.

அப்படி முடிப்பதற்கும் ஒரு கட்டணம்! நூற்றுக்கு ஒரு ரூபாய் என்றால் 1,435 ரூபாய். கடைசியில் மிஞ்சுவது 4,791 ரூபாய். 50,000 போட்டு 4,791!

மறுநாளே விலை 90,000 ரூபாய்க்கு விழுந்தாலும் அவருக்கு ஒன்றும் இல்லை. ஆட்டத்திலிருந்து அவரை ஏற்கனவே இறக்கிவிட்டார்கள்.

ஒரு பொருளை வாங்கியவருக்கு, அதிகபட்ச நஷ்டம் அவர் போட்ட பணம். விலை பூஜ்யத்துக்குக் கீழே போகாது. கடன் வாங்கி விற்றவருக்கு அப்படி ஒரு தரை இல்லை. விலை ஏறுவதற்கு வானமே எல்லை. 2021-ம் ஆண்டு ஜனவரி மாதம் அமெரிக்காவில் இதை உலகமே பார்த்தது. கேம்ஸ்டாப் என்ற கடைக் கம்பெனியின் பங்கு விழும் என்று பெரிய முதலீட்டுக் கம்பெனிகள் ஷார்ட் விற்றிருந்தன. அந்தப் பங்கு, மாதத் தொடக்கத்தில் 20 டாலருக்கும் குறைவு. ஜனவரி 28-ம் தேதி ஒரு கட்டத்தில் 483 டாலர்! மெல்வின் கேபிடல் என்ற முதலீட்டுக் கம்பெனி அந்த ஒரே மாதத்தில் பாதிக்கு மேல் பணத்தை இழந்தது. மறு ஆண்டில் அது மூடப்பட்டது.

கணக்குப் போடுவதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கே அந்தக் கதி.

எட்டு மணி நேரத்துக்கு ஒரு பட்லா

கடன் வாங்காமலே ஷார்ட் செய்ய இன்னொரு வழி இருக்கிறது. நாணயம் கை மாறாது. "விலை இறங்கும்" என்று ஓர் ஒப்பந்தம் மட்டும். அதற்கு முடிவு நாளே கிடையாது. 2016-ம் ஆண்டு பிட்மெக்ஸ் என்ற சந்தை இதைக் கிரிப்டோ உலகுக்குக் கொண்டுவந்தது.

கடன் இல்லையே, வட்டி ஏது என்று நினைக்கலாம். இங்கேதான் பழைய பட்லா திரும்பி வருகிறது. இதற்கு "ஃபண்டிங்" என்று பெயர். ஒப்பந்த விலை உண்மையான சந்தை விலையைவிட அதிகமாக இருந்தால், ஏறும் என்று பந்தயம் கட்டியவர்கள், இறங்கும் என்றவர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டும். குறைவாக இருந்தால், இறங்கும் என்றவர்கள் கொடுக்க வேண்டும்.

பம்பாயில் ஒரு காலத்தில் 14 நாளுக்கு ஒரு முறை பட்லா. இங்கே பல சந்தைகளில் எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. இந்திய நேரப்படி காலை 5.30, பகல் 1.30, இரவு 9.30.

ஷார்ட் செய்தவருக்குச் சில நாள் பணம் வரவும் கூடும். ஆனால் கொடுக்க வேண்டிய நாளில் அது எதன்மேல் கணக்கிடப்படுகிறது தெரியுமா? ஈட்டுப் பணத்தின்மேல் அல்ல, மொத்த ஒப்பந்தத்தின்மேல்!

50,000 ரூபாய் ஈடு வைத்துப் பத்து மடங்கு ஒப்பந்தம் செய்தால், மொத்தம் 5 லட்சம். நூற்றுக்கு ஒரு பைசா என்றால் ஒரு தடவைக்கு 50 ரூபாய். ஒரு நாளைக்கு 150. முப்பது நாளைக்கு 4,500. விலை அசையாமலே நின்றாலும், ஈட்டுப் பணத்தில் நூற்றுக்கு ஒன்பது ரூபாய் கரைந்துபோகும்.

கடன் கொடுத்தவர் நிலை

வட்டி கொடுப்பவர் ஒருவர் என்றால், வாங்குபவர் ஒருவர் இருக்க வேண்டும். "உங்கள் நாணயத்தைக் கடனுக்கு விடுங்கள்; வீட்டில் இருந்தபடியே வட்டி வாங்குங்கள்" என்றும் அழைப்பு வரும்.

இதிலும் ஆபத்து உண்டு. 2019-ம் ஆண்டு மே மாதம், பொலோனியெக்ஸ் என்ற சந்தையில் 'கிளாம்' என்ற சிறு நாணயத்தின் விலை திடீரென்று சரிந்தது. அதை ஈடாக வைத்துக் கடன் வாங்கியவர்களால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. பிட்காயின் கடன் கொடுத்திருந்தவர்களின் அசலில் சுமார் 16 சதவீதம் வெட்டப்பட்டது. சின்ன வட்டிக்கு ஆசைப்பட்டு, அசலில் ஆறில் ஒரு பங்கு போயிற்று!

2022-ம் ஆண்டு ஜூன் மாதம், செல்சியஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி பணம் எடுப்பதை நிறுத்தியது. அடுத்த மாதம் திவாலானது. அதே ஜூலையில், இந்திய வாடிக்கையாளர் பலர் பணம் போட்டிருந்த வால்ட் என்ற சிங்கப்பூர்க் கம்பெனியும் கதவை அடைத்தது. இரண்டும் வட்டி தருவதாகச் சொல்லி நாணயம் வாங்கியவை.

ஈடு வைத்த பணம் பத்திரமாக இருக்குமா என்ற கேள்வியும் உண்டு. 2024 ஜூலை 18-ம் தேதி, வசிர்எக்ஸ் என்ற இந்தியச் சந்தையிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் களவாடப்பட்டன. வாடிக்கையாளர்கள் தங்கள் கணக்கைத் தொட முடியாமல் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். அது சம்பந்தமான ஒரு வழக்கில், 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்புச் சொன்னது. கிரிப்டோ நாணயம் ஒரு சொத்துதான். அதை அனுபவிக்கவும், ஒருவருக்காக மற்றவர் பொறுப்பில் வைத்திருக்கவும் முடியும் என்பது தீர்ப்பின் சாரம்.

அது சொத்துதான். ஆனால் ரூபாய் நோட்டைப் போலச் சட்டப்படி செல்லும் பணம் அல்ல.

கேட்க வேண்டிய ஏழு கேள்விகள்

வீட்டில் யாராவது இந்த வியாபாரத்தில் இறங்கப் போவதாகச் சொன்னால், சண்டை போட வேண்டாம். ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். இந்த ஏழு கேள்விகளைக் கேளுங்கள்.

1. வட்டி எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை ஏறும்? ஆண்டுக்கு நூற்றுக்கு எவ்வளவு?

2. வட்டி ரூபாயிலா, நாணயத்திலா? இடையில் வட்டியை ஏற்ற கம்பெனிக்கு உரிமை உண்டா?

3. விற்கத் தரகு எவ்வளவு? திரும்ப வாங்கத் தரகு எவ்வளவு? ஜி.எஸ்.டி. சேர்த்துச் சொன்ன தொகையா?

4. கட்டணம் ஈட்டுப் பணத்தின்மேலா, மொத்தப் பேரத்தின்மேலா?

5. எந்த விலை வந்தால் கம்பெனி தானாகக் கணக்கை முடிக்கும்? அதற்குக் கட்டணம் என்ன?

6. வட்டி, தரகு, வரி எல்லாம் போக லாபம் வர, விலை எவ்வளவு இறங்க வேண்டும்? எத்தனை நாளுக்குள் இறங்க வேண்டும்?

7. கம்பெனி இந்தியாவின் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்திருக்கிறதா? 2023-ம் ஆண்டு மார்ச் முதல் இங்கே கிரிப்டோ வியாபாரம் நடத்தும் கம்பெனிகள் கருப்புப் பண மாற்றுத் தடைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை.

ஏழில் ஒன்றுக்காவது பதில் தெரியவில்லை என்றால், அன்றைக்குப் பணம் கட்ட வேண்டாம். பதில் சொல்ல வேண்டிய பேர்வழி, "அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், முதலில் பணத்தை அனுப்புங்கள்" என்று அவசரப்படுத்தினால், அது வியாபாரமே அல்ல. பணத்தை அனுப்பி ஏமாந்துவிட்டால், வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தைத் தடுத்து நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.

விலை நாளைக்கு ஏறுமா, இறங்குமா? அதை யாராலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனால் நாளைக்கு வட்டி எவ்வளவு ஏறும் என்பதை இன்றே தாளில் எழுதிப் பார்த்துவிடலாம். பெண்ணின் கல்யாணத்துக்கும் பிள்ளையின் படிப்புக்கும் சேர்த்த பணத்தை எடுப்பதற்கு முன்னால், அந்த ஒரு தாள் கணக்கைப் போட்டே ஆக வேண்டும்.